மழை விழுந்த பனியில் ஏறலாமா? ரோஜர்ஸ் பாஸ் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. வான்கூவரிலிருந்து நாங்கள் நான்கு பேர் இந்த வாரக் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைக்கணவாயான ரோஜர்ஸ் பாஸில் ஸ்கீயோடு ஏறுவதாகத் திட்டம். அங்கே இரண்டு நாளாக நல்ல பனி. ஆனால் வெள்ளிக்கிழமை காற்றோடு வெப்பமும் கூடி, 2,000 மீட்டர் வரை மழையாகவே பெய்யுமாம்.

என் பயம் பனிச்சரிவுதான்: புதுப்பனியில் மழை இறங்கினால் பாரம் கூடும், பிடிப்பு தளரும். 1910 மார்ச்சில் அதே கணவாயில் பனிச்சரிவில் 58 ரயில்பாதைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு பக்கம் சரிந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது எதிர்மலையிலிருந்து அடுத்தது வந்துவிட்டது.

போன மாதம் வேறோர் இடத்தில், மரக்கிளையிலிருந்து விழுந்த பனி லட்டு மாதிரி உருண்டு உருண்டு பெரிதாகிக்கொண்டே கீழே போனது. அப்புறம் காலடியில் 'பொம்' என்றொரு சத்தம், தரையே கொஞ்சம் அமுங்கியதுபோல. இரண்டுமே பனிச்சரிவுக்கான எச்சரிக்கை என்பதால் உடனே திரும்பிவிட்டோம். கூட வந்தவர் இன்னும் கேலி செய்கிறார்.

குளிர் திரும்பிய பிறகு எத்தனை நாள் பொறுப்பீர்கள்? மேலே ஓடாக உறைந்து, அடியில் சொதசொதவென்று இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே சுற்றினாலும், தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இருந்தால் ஆபத்துதானே? அங்கே அப்படி எதுவும் மேலே இல்லாத பாதை உண்டா?

டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி எல்லாரிடமும் இருக்கின்றன. அவலாஞ்ச் கனடா அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்பையும் தினமும் பார்க்கிறேன். "ஒன்றும் ஆகாது, போங்க" என்று சொல்ல எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறார், அது மட்டும் வேண்டாம். வியாழன் மாலைக்குள் அறையை ரத்து செய்தால்தான் பணம் திரும்பும்.