பழைய ஸ்போர்ட் டூரருக்குப் பெட்டியா? முதலில் ராக்கைத் தேடுங்கள்

“அண்ணா, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஃபுல் லைசன்ஸ் எடுத்தாயிற்று. 2006 ட்ரையம்ப் ஸ்பிரிண்ட் எஸ்டி 1050 ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டி, ராக் எதுவும் இல்லை. கோடையில் மனைவியோடு ஸ்காட்லாந்து போக ஆசை. எந்த ஹார்ட் கேஸ் வாங்கலாம்?”

தம்பி, முதலில் வாழ்த்துகள். நல்ல வண்டி, வேகத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட் டூரர். “எந்தப் பெட்டி” என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: இந்த வண்டிக்கு எந்த ராக், அதாவது பெட்டியை வண்டியோடு பிடித்து நிறுத்தும் சட்டம், இன்னும் கிடைக்கிறது? பெட்டி பொதுச் சரக்கு, இன்றைக்கும் கடையில் இருக்கும், நாளைக்கும் இருக்கும். ராக் அப்படி இல்லை. ஒரு மாடலின் பின் சட்டத்தில் போல்ட் ஓட்டை எங்கே இருக்கிறதோ, சைலன்ஸர் எப்படிப் போகிறதோ, அதற்கு ஏற்றபடி வளைத்து வெல்டு வைத்தது. வண்டி தயாரிப்பு நின்று சில வருஷம் போனால் அதற்கான ராக்கும் கம்பெனி பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். ஸ்பிரிண்ட் எஸ்டி 1050 வந்தது 2005-இல், நின்றது 2010-இல். ஆசைப்பட்டுப் பெட்டியை முதலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ராக் கிடைக்காமல் தேடும் ஆட்கள் இங்கே நிறைய. ராக் கையில் வந்தபின் பெட்டி வாங்குங்கள்.

உங்கள் வண்டிக்கு ட்ரையம்ப் கம்பெனியே சைடு பெட்டி போட்டது. பழைய சந்தையில் அவ்வப்போது தலை காட்டும். வண்டியின் உடம்போடு ஒட்டி நிற்கும், பார்க்கவும் அழகு. கிடைத்தால் நிறம் பார்க்காமல் வாங்கலாம். நீலப் பெட்டி சிவப்பு வண்டியில் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? விற்பவரிடம் பெட்டியின் படத்தை விட, வண்டியோடு இணைக்கும் கொக்கி, பிராக்கெட், ரப்பர் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு படம் கேளுங்கள். பெட்டி இரண்டும் பளபளவென்று இருக்கும், மாட்டும் சின்னப் பாகம் ஒன்று மட்டும் இருக்காது. அந்த ஒரு பாகத்துக்காகப் பல மாதம் காத்திருக்க நேரும்.

கம்பெனிப் பெட்டி அமையாவிட்டால் ஜிவி, ஹெப்கோ பெக்கர், எஸ்டபிள்யூ மோட்டெக், ஷாட் என்று பெட்டி செய்யும் கம்பெனிகளின் பெயர்கள் வரும். ஜிவி இத்தாலிக்காரர்களுடையது, பைக் பந்தய வீரராக இருந்த ஜுசெப்பே விசென்ஸி 1978-இல் தொடங்கினார். இங்கிலாந்தில் பழைய வண்டிக்கு அதிகம் புழங்குவது இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஜிவியில் இரண்டு பூட்டு முறை. மோனோகீ பெரிய பெட்டிகளுக்கு, மோனோலாக் சின்னப் பெட்டிகளுக்கு. ஒன்றின் தட்டில் மற்றது உட்காராது. சீட்டுக்குப் பின்னால் உட்காரும் டாப் பாக்ஸுக்கு வண்டிக்கேற்ற இரண்டு கைகள் வரும், அதன்மேல் ஒரு தட்டு. எம்5 என்றால் மோனோகீ தட்டு, எம்5எம் என்றால் மோனோலாக் தட்டு. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், விளம்பரத்தில் பாதிப் பேர் அதைத் தப்பாகத்தான் போடுகிறார்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சைடு ராக்கில்தான் பெரிய குழப்பம். பிஎல் என்று தொடங்கும் ராக் பழைய மோனோகீ சைடு பெட்டிகளுக்கு, இ21 மாதிரி. பிஎல்எக்ஸ் என்பது வி35 போன்ற, வண்டியை ஒட்டி நிற்கும் பெட்டிகளுக்கு. பிஎல் ராக்கில் வி35 நேராக மாட்டாது. அதைவிடப் பழைய வண்டிகளில் விங்ராக் என்ற குழாய் அமைப்பு இருக்கும். டாப் பாக்ஸும் இரண்டு சைடு பெட்டியும் அதிலேயே ஏறும். பார்வைக்கு மளிகைக் கடை சைக்கிள் கேரியர் மாதிரி இருந்தாலும் உறுதியானது. காப்பா என்ற பெயரில் வருவதும் ஜிவி வீட்டுச் சரக்குதான். மோனோகீ என்று போட்டிருந்தால் ஜிவி தட்டில் உட்காரும், விலையும் பெரும்பாலும் சற்றுக் குறைவு.

ஹெப்கோ பெக்கரிலும் இதே கதை. சி-போ என்ற சின்ன வளைவு ராக் இலகுவான பைகளுக்கும் சிறிய கேஸ்களுக்கும். அவர்களுடைய பெரிய பெட்டி அதில் ஏறாது, அதற்கு முழுச் சட்ட ராக் வேண்டும். எஸ்டபிள்யூ மோட்டெக்கில் பூட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பி ராக்கையே கழற்றிவிடலாம். வேறு கம்பெனிப் பெட்டி மாட்ட அடாப்டரும் விற்கிறார்கள். அலுவலக நாளில் ராக் எலும்பு துருத்திக்கொண்டு நிற்பது பிடிக்காதவர்களுக்கு இது ஏற்றது. இந்த இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள். அங்கிருந்து நேராக வரவழைத்தால் மட்டும் கவனம்: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 135 பவுண்டுக்கு மேல் போன பொருளுக்கு 20 சதவீத வாட் வரி இங்கே வாசலில் கட்ட வேண்டும், கூரியர்காரர் தன் கட்டணத்தையும் சேர்ப்பார். இங்கேயே சரக்கு வைத்திருக்கும் கடையில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கடைசியில் ஒன்றாகிவிடும்.

பழைய ராக் வாங்கும்போது நேரில் போங்கள். குழாய் வளையும் இடத்திலும் பிராக்கெட் வெல்டு செய்த இடத்திலும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பெயிண்டில் மெல்லிய கோடு, அதன் ஓரத்தில் செந்நிறத் துரு என்றால் அது விரிசல், வேண்டாம். ஒரு பக்க ராக்கின் வெளிக் குழாய் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. வண்டியில் மாட்டியிருந்தால் பின்னால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சில ராக்குக்கு இண்டிகேட்டரை இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கும், அதற்கான பட்டையும் வயரும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். இண்டிகேட்டரோ நம்பர் பிளேட்டோ மறைந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள்.

பெட்டிக்குச் சாவி இல்லை என்றால் பதற வேண்டாம். பூட்டின் உள் உருளை தனியாகக் கிடைக்கும். மூன்று பெட்டிக்கும் ஒரே சாவி வருகிற மாதிரி செட்டாகவே வாங்கலாம். சாவி இல்லாத பெட்டியைப் பேரம் பேசிக் குறைக்க இது நல்ல வழி. மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர்தான் கவலைப்பட வேண்டியது. காய்ந்து வெடித்திருந்தால் பிரிட்டன் மழைக்குத் தாங்காது. உள்ளே பழைய பேப்பரை விரித்து மூடி, தோட்டத்து ஹோஸால் கீல் பக்கம் சாய்வாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஈரம் எந்த மூலையில் என்று பேப்பரே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் எடை. இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. வண்டிக் கையேட்டில் மொத்தச் சுமை எவ்வளவு என்று இருக்கும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 180-இல் இருந்து 200 கிலோவுக்குள். 190 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 78, மனைவி 60. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் இருவருக்கும் சேர்த்து 12. மிச்சம் 40. மூன்று பெட்டி காலியாகவே நான்கைந்து கிலோ வீதம், ராக் ஆறேழு கிலோ. ஆக 20 போயிற்று. மூன்று பெட்டிக்கும் சேர்த்து நீங்கள் வைக்க முடிந்தது 20 கிலோதான். பெட்டி 35 லிட்டர் பிடிக்கிறது என்பதற்காக நிரப்பினால் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். மோனோகீ பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: அதிகபட்சம் 10 கிலோ, மணிக்கு 120 கிலோமீட்டர். இங்கே மோட்டர்வே வரம்பு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர். ஆக வேகம் சட்டப்படி போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. வண்டிக் கம்பெனி 10-க்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

கனமானதை சைடு பெட்டியில், அடியில், சக்கர அச்சை ஒட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். டாப் பாக்ஸில் மழைக் கோட்டு, கையுறை, ரொட்டிப் பொட்டலம் போதும். டாப் பாக்ஸ் பின் அச்சையும் தாண்டித் தொங்குகிறது. அங்கே எடை ஏறினால் முன் சக்கரம் லேசாகி, வேகத்தில் வண்டி தலையாட்டும். லாரியைத் தாண்டும்போதும், மலைச் சந்தில் பக்கக் காற்று அடிக்கும்போதும் அது நன்றாகத் தெரியும். கிளம்புவதற்கு முன் பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை (முன்கூட்டிய இறுக்கத்தை) ஏற்றி, டயரில் இருவர் பயணத்துக்கான காற்று அடித்து, ஹெட்லைட்டைத் தாழ்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் எல்லாம் உங்களுக்கு லைட் அடிப்பார்கள்.

உங்கள் ஸ்பிரிண்டில் சைலன்ஸர் வாய் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பழைய முதலாளி வேறு சைலன்ஸர் மாட்டியிருந்தால் ராக்கோ பெட்டியோ இடிக்கலாம், மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். சைலன்ஸரை ஒட்டிய பெட்டிச் சுவர் சூடாகும். மாத்திரையும் சாக்லேட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, வீட்டை அளந்துவிடுங்கள். டெரஸ் வீட்டில் பக்கச் சந்து வழியாக வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகிறவர்கள் கதவு அகலத்தை அளந்துவிட்டுத்தான் சைடு பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். பலருக்கு ஹேண்டில்பாரே இரண்டு விரல் இடைவெளியில்தான் நுழைகிறது.

கீழே வந்த கேள்விகளுக்கும் இங்கேயே பதில்.

“அண்ணை, நான் ஈஸ்ட் ஹாமில இருக்கிறன். 2004 ஹோண்டா விஎஃப்ஆர் 800 ஒண்டு பெட்டியோட மலிவா வருது. எடுக்கலாமோ?”

பெட்டியைப் பார்க்கும் முன் யூலெஸை, அதாவது லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு மண்டல விதியை, பாருங்கள் தம்பி. லண்டனில் பைக்குக்கு யூரோ 3 தரம் வேண்டும். பொதுவாக 2007 ஜூலைக்குப் பிறகு பதிவானவை தேறும். தேறாவிட்டால் வண்டி ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. அதற்கு முந்திய வண்டிகளிலும் சில, புகை அளவு சரியாக இருந்தால் தேறுவதுண்டு. லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். தேறினால் எடுங்கள், அருமையான வண்டி. அதிலும் சைலன்ஸர் சீட்டுக்கு அடியில்தான் என்பதால் மேலே சொன்ன சூட்டுக் கதை அதற்கும் உண்டு.

“அண்ணா, நான் பின்னால் உட்காருகிறவள். டாப் பாக்ஸ் சாய்மானம் வைத்தால் போதுமா, சைடு பெட்டி கட்டாயமா?”

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போயிற்று, இதை ஓட்டுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. சாய்மானம் நீண்ட பயணத்துக்குப் பெரிய உதவி. ஆனால் டாப் பாக்ஸும் சைடு பெட்டியும் சேர்ந்தால் காலை வீசி ஏற இடம் இருக்காது. ஃபுட்பெக்கில் நின்று, குறுகலான இடத்தில் காலை மடக்கி நுழைக்க வேண்டும். வாங்கும் முன் பெட்டியை மாட்டி, பூட்ஸ் போட்டு, நீங்கள் ஏறி இறங்கிப் பாருங்கள். குதிகால் பெட்டி முனையில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். தட்டினால் ஸ்காட்லாந்து வரை தட்டிக்கொண்டே வரும். ஓரிரு நாள் பயணத்துக்கு டாப் பாக்ஸும் டேங்க் பையும் போதும்.

“இன்ஷூரன்ஸில் சொல்ல வேண்டுமா?”

சொல்ல வேண்டும். ராக், பெட்டி எல்லாம் இங்கே மாற்றம் என்ற கணக்கில் வரும். பெரும்பாலான கம்பெனிகள் கூடுதல் பணம் கேட்பதில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் தகராறு. பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாக இழப்பீடு கிடையாது. லேப்டாப்பைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். இதே டாப் பாக்ஸில் சாப்பாடு டெலிவரி செய்யலாமா என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் கூடாது, டெலிவரி செயலிகளில் ஓட்டுவது அதில்தான் வரும். சாதாரண பாலிசியும் அதற்குச் செல்லாது.

“வண்டியே இன்னும் வாங்கவில்லை, ஊர் லைசன்ஸ்தான் இருக்கிறது.”

இந்திய, இலங்கை லைசன்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள். குடியேறியதில் இருந்து 12 மாதம் அதில் ஓட்டலாம். பிறகு சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சி, தியரி தேர்வு, மாட்யூல் 1, மாட்யூல் 2 என்ற ஓட்டுத் தேர்வுகள். பெரிய வண்டிக்கு நேரடியாகப் போக 24 வயது. வண்டி வாங்காதவருக்கு நான் சொல்வது, பெட்டிக்கு இடம் வைத்தே கட்டிய வண்டியாகவே பாருங்கள்: 1990 முதல் 2002 வரை வந்த ஹோண்டா பான் யூரோப்பியன் எஸ்டி1100, 2001-இல் வந்த யமஹா எஃப்ஜேஆர்1300, பிஎம்டபிள்யூ ஆர்1150ஆர்டி. மூன்றும் ஷாஃப்ட் வண்டி, செயினுக்கு எண்ணெய் போடும் வேலையே இல்லை. கனம்தான், நிறுத்தும் இடத்தில் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ராக் மாட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள், ராக் போல்ட் இறுகிப்போவது அதனால்தான். அப்படி இறுகக்கூடிய இடத்தில் காப்பர் கிரீஸ் தடவி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். லூஸ் ஆகக்கூடிய இடத்தில் கிரீஸுக்குப் பதில், போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல த்ரெட்லாக். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.