மறு: மறு: படிப்பகத்துக்கு இன்னும் எட்டு கேமரா – நன்கொடை வேண்டுகோள்

ஆலமரத்து வீட்டு மருமகள் எழுதியது:

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் படிப்பகத்தில் இருக்கிற நாலு கண்காணிப்புக் கேமராவோடு இன்னும் எட்டு வாங்கச் செயலாளர் அனுப்பிய நன்கொடை மடல் பார்த்தேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போய்வந்த என் நாத்தனார் சொன்னதை இங்கே வைக்காமல் பணம் அனுப்ப மனசு வரவில்லை.

மோட்டார் காணாமல் போன மறுநாள் அவர் படிப்பகத்தில் இருந்திருக்கிறார். ராத்திரிப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். திரையில் நான்கு கட்டமும் நேரலையாக நன்றாக ஓடியிருக்கிறது. ஆனால் முந்தைய நாள் தேதியைக் கொடுத்துத் தேடினால் பதிவு இல்லை என்று வந்ததாம். மூலையில் ஓடும் கடிகாரத்தில் வருஷம் 2000 என்று இருந்ததாம். மூன்றாவது கேமராவின் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை.

பதிவு கிடைக்கவில்லை என்றதும் அங்கே கூடியிருந்தவர்கள் ஒரு பையனின் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பையனின் அப்பா இந்த மடற்குழுவில் இருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இருக்கிற நாலு கேமராவில் பதிவையே எடுக்க முடியவில்லை என்றால் இன்னும் எட்டு எதற்கு?

கிழக்கு வீட்டிலிருந்து:

மதினி கேட்டது சரி. நான் கேட்பது கணக்கு.

முதல் நாலு கேமராவுக்கு வசூலித்தபோது ஒரு ரசீது சுற்றுக்கு வந்தது. அதில் கேமரா இருந்தது, கேபிள் இருந்தது. கேமராப் படங்களைச் சேமிக்கும் பதிவுப்பெட்டிக்குள் போட்ட வன்தட்டு (ஹார்டு டிஸ்க்) எத்தனை டெராபைட் என்று எழுதவில்லை. அப்போதே கேட்டேன். "உனக்கு எப்போதும் கணக்குதான்" என்றார்கள். கிணறு தூர்வாரியபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

வன்தட்டின் அளவு என்ன? நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கேமரா மாட்டிக்கொடுத்தவரிடமே இன்னும் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை என் பங்கு வராது.

வாத்தியார் வீட்டு மூத்தவன்:

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் சித்தப்பா முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக அவசரமானதை முதலில் எழுதுகிறேன்.

சித்தப்பா, அந்தப் பதிவு அழிந்திருக்காது என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். சில பெட்டிகளில் அது 1970, சிலவற்றில் 2000. அதற்குப் பிறகு பதிவான எல்லாம் அந்தப் பொய்த் தேதியில்தான் அடுக்கி வைக்கப்படும். நீங்கள் உண்மையான தேதியைக் கொடுத்துத் தேடினால் பெட்டி இல்லை என்றுதான் சொல்லும்.

ஆகவே கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். முதலில் திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குச் சாவி. மோட்டார் போன இரவிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்தால் எந்தப் பொய்த் தேதியில் தேட வேண்டும் என்பது தெரியும். நடுவில் கடிகாரம் மறுபடி ஒருமுறை திரும்பியிருந்தால் கணக்கு மாறும். அதையும் பெட்டியின் நாள்காட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது, அமைப்புகளில் மேலெழுதுவதை நிறுத்தி வையுங்கள். இதில் கிழக்கு வீட்டு அண்ணன் கேட்ட கணக்கு நேரடியாக வருகிறது. முழு உயர்தெளிவில், எச்.264 என்ற காணொளிச் சுருக்கு முறையில், ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் என்று பதிந்தால் ஒரு நாளைக்கு 43 கிகாபைட் ஆகும். நாலு கேமராவுக்கு 170 கிகாபைட்டுக்கு மேல். வன்தட்டு 2 டெராபைட் என்றால் ஏறக்குறைய 11 நாளில் நிரம்பி, மிகப் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். 1 டெராபைட் என்றால் 6 நாள்கூடத் தாங்காது. இன்னும் எட்டு கேமராவை அதே வன்தட்டில் கட்டினால் நாட்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கேமரா கூடக் கூட நம் ஞாபகம் குறைந்துகொண்டே போகும். எச்.265 என்ற அடுத்த சுருக்கு முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தேடுவது எப்படி என்று பலருக்குத் தெரியாததால்தான் உட்கார்ந்து ராத்திரி முழுவதையும் ஓட்டிப் பார்க்கிறார்கள், பாதியில் கண் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஒரு பொருள் காணாமல் போனதென்றால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது கேமராவில் மோட்டார் மேடை தெரியும் அல்லவா? மாலை 6 மணிக்கு மோட்டார் இருந்தது, காலை 6 மணிக்கு இல்லை. நடுவில் நள்ளிரவு 12 மணிக்குப் போய் ஒரே ஒரு படத்தைப் பாருங்கள். இருக்கிறதா? அப்படியானால் போனது அதற்குப் பிறகு. 3 மணிக்குப் போங்கள். இல்லையா? 9 மணிக்குப் போங்கள். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் ஒன்பதாவது முறையில் ஒன்றரை நிமிட இடைவெளிக்குள் வந்து நிற்பீர்கள். அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஆள் வந்து போனதைத் தேடுவது இதிலிருந்து வேறு, ஏனென்றால் போன பிறகு தடயம் எதுவும் படத்தில் நிற்காது. அதற்கு அசைவுத் தேடல். நேரக்கோட்டில் அசைவு இருந்த இடங்கள் வேறு நிறத்தில் தெரியும். பல பெட்டிகளில் படத்தின் மேலேயே ஒரு கட்டம் வரைந்து, இதற்குள் அசைந்ததை மட்டும் காட்டு என்று கேட்கலாம். ஆனால் மழை, வண்டி விளக்கு, அகச்சிவப்பு விளக்கைச் சுற்றும் பூச்சி எல்லாமே அதற்கு அசைவுதான். மூன்றாவது கேமராவில் வலை கட்டியிருந்தால் ராத்திரி முழுவதும் அசைவு என்றே காட்டும், அங்கே தேடிப் பயனில்லை. ஒரு துணியால் துடைத்தால் தீர்கிற விஷயம் இது. அதற்கு நன்கொடை வேண்டியதில்லை.

இனி, இங்கிருந்தே உலாவியில் பார்க்கும் விஷயம். போன கூட்டத்தில் ரொம்பப் பேர் ஆசைப்பட்டதால் விரிவாக எழுதுகிறேன். பதிவுப்பெட்டிக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. நேரலை, பழைய பதிவை ஓட்டிப் பார்ப்பது, நாள்காட்டி, தரவிறக்கம் எல்லாம் அதில் உண்டு. பழைய பெட்டிகளின் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆக்டிவ்எக்ஸ் செருகியை (உலாவியோடு சேர்க்கும் துணைநிரல்) கேட்கும். குரோம் 2015-லேயே பழைய வகைச் செருகிகளை முழுதாக நீக்கிவிட்டது, எக்ஸ்ப்ளோரருக்கும் 2022 ஜூனில் ஆதரவு நின்றுவிட்டது. உள்ளே நுழைய முடிகிறது, படம் மட்டும் வரவில்லை என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். எட்ஜ் உலாவியில் எக்ஸ்ப்ளோரர் முறை என்று ஒன்று இருக்கிறது, பழைய பெட்டிக்கு அது உதவும். இன்னொரு காரணம் நான் மேலே சொன்ன எச்.265. அதை எல்லா உலாவியும் எல்லாக் கணினியிலும் விரித்துக் காட்டாது, கறுப்புத் திரைதான் வரும். அதனால் பதிவுக்கு எச்.265, தூரத்திலிருந்து பார்க்கும் துணை ஓடைக்கு எச்.264 என்று வைத்துக்கொள்வது நல்லது.

துணை ஓடை என்பது அதே காட்சியின் சின்ன உருவம். சில பெட்டிகளில் 352 × 288 புள்ளிதான் (பிக்சல்). யார் வந்தார், எந்தப் பக்கம் போனார் என்று பார்க்க அது போதும், முகம் பார்க்கப் போதாது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான 62676-4 என்ற பன்னாட்டுத் தரநெறியின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண வேண்டுமானால் அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்றது. முழு உயர்தெளிவுப் படத்தின் அகலம் 1920 புள்ளி. அப்படியென்றால் அந்தக் கேமரா பார்க்கும் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டக் கூடாது. நம் கேமராக்கள் தெரு முழுவதையும் பார்க்கும்படி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. அதே உயரத்தில் இன்னும் எட்டு மாட்டினாலும் ஆட்களின் தலைதான் தெரியும். வாசலுக்கு நேராக ஒன்றைத் தாழ்த்தி மாட்டினால் அது எட்டுக்குச் சமம்.

அந்தப் பையனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மங்கலான படத்தில் நாம் பார்ப்பது ஏற்கெனவே நினைத்து வைத்த முகத்தைத்தான்.

கடைசியாக ஒன்று. ரவுட்டரில் கதவைத் திறந்து, பெட்டியை நேராக இணையத்தில் வைத்துவிடலாம் என்று மாட்டிக்கொடுத்தவர் சொல்லியிருந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும்தான் பெருவாரியாகப் பிடித்தது. ஆலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததே அதற்குப் போதுமாக இருந்தது. நல்ல கடவுச்சொல் வைத்தாலும் போதாது, பெட்டியின் வலைப்பக்கத்திலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது. 2021-ல் உலகம் முழுவதும் விற்கும் ஹிக்விஷன் கருவிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகும்படி ஒரு குறை வெளியானது. படிப்பகத்துக்குள்ளேயே வயர்கார்டு போன்ற ஒரு தனிவழி (விபிஎன்) அமைத்து, அதற்குள் வருகிறவர்கள் மட்டும் உலாவியில் திறக்கும்படி செய்யலாம். அதை நான் செய்து தருகிறேன், சங்கத்துக்குச் செலவு வைக்காமல்.

செயலாளர், ஊரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அந்த ஏணியில் ஏறி நானும் சின்னவனும்தான் கேபிள் இழுத்தோம். இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரசீது கேட்கிறவர்கள் யாரும் அன்றைக்கு ஒரு போன்கூடச் செய்து எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. பக்கத்து ஊரில் பதினாறு கேமரா போட்டுவிட்டார்கள். நம் படிப்பகம் அவர்களுக்கு முன்னால் வந்தது. நாம் பின்தங்கக் கூடாது என்றுதான் வேண்டுகோள் வைத்தேன்.

வன்தட்டு 2 டெராபைட். தட்டின் மேலேயே எழுதியிருக்கிறது, பார்த்துவிட்டேன். நிர்வாகிக் கடவுச்சொல் மாட்டிக்கொடுத்தவர் வைத்தது, அவரிடமும் என்னிடமும் இருக்கிறது. மாற்றிவிடுகிறேன். வாத்தியார் மகன் சொன்னபடி மேலெழுதுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

பையன் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னவர்களை நான் தடுத்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி.

சந்து வீட்டு மகள்:

சித்தப்பா, உங்கள் உழைப்பை யாரும் மறக்கவில்லை. ஏணிக்குக் கீழே நின்று பிடித்தவர் என் அப்பா.

நான் சொல்ல வருவது வேறு. நாலாவது கேமரா எங்கள் திண்ணையைப் பார்க்கிறது. அம்மா மதியம் அங்கேதான் படுத்திருப்பாள். முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அம்மாவை இங்கிருந்து பார்க்கலாமே என்று. அப்புறம் யோசித்தேன். எனக்குத் தெரிந்தால் சங்கத்தில் உள்ள எல்லா ஆண்களுக்கும் தெரியும். அந்தச் சந்து வழியாகத்தான் பெண்பிள்ளைகள் எல்லாம் போய்வருகிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்குப் போகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று தூர தேசத்தில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒருமுறை நடந்திருக்கிறது. கேமரா இல்லாமலே நடந்தது.

உலாவியில் பார்க்கும் வசதி எல்லோருக்கும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பா இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாத்தியார் வீட்டு மூத்தவன்:

தங்கை சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். செய்ய முடிகிற காரியமும்கூட. பெட்டியில் மறைப்புக் கட்டம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. திண்ணையின் மேல் வரைந்துவிட்டால் அந்த இடம் நேரலையிலும் கறுப்பு, பதிவிலும் கறுப்பு. பிறகு யார் கேட்டாலும் திருப்பி எடுக்க முடியாது. சித்தப்பா இன்றே வரைந்துவிட்டார், படத்தைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார்.

பார்க்கும் உரிமை மூன்று பேருக்கு, தனித்தனிப் பெயரில்: செயலாளர், பொருளாளர், சந்து வீட்டார் சொல்லும் ஒரு பெண். யார் எப்போது உள்ளே வந்தார், எந்தக் கேமராவைத் திறந்தார் என்பதைப் பெட்டியே குறித்து வைக்கும். அந்தக் குறிப்பை மாதம் ஒருமுறை இந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் சேர்ந்து பார்ப்பது இணைப்புக்கும் கட்டுபடியாகாது. துணை ஓடையே ஒரு கேமராவுக்கு நொடிக்கு அரை மெகாபிட் என்றால், இருபது பேர் நாலு கேமராவைத் திறந்தால் ஊரிலிருந்து வெளியே 40 மெகாபிட் போக வேண்டும்.

பதிவு கிடைத்துவிட்டது. சித்தப்பா படிப்பகத்துக் கணினியின் திரையைப் பகிர்ந்தார், அங்குள்ள உலாவியில் சேர்ந்து தேடினோம். 2000 ஜனவரியில்தான் இருந்தது. பாதி பாதியாக வெட்டிப் பார்த்ததில் மோட்டார் போன நிமிடம் இரண்டாவது கேமராவில் சிக்கியது. இரண்டு பேர் வருகிறார்கள், கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முகம் தெரியவில்லை. யாருடைய முகமும் தெரியவில்லை. நடையை வைத்தோ சட்டையை வைத்தோ அது யார் என்று இங்கே யாரும் எழுத வேண்டாம்.

முழுத் தெளிவுள்ள முதன்மை ஓடையிலேயே, பெட்டியின் மூல வடிவத்தில் ஒரு பிரதி, சாதாரண எம்பி4-ல் ஒரு பிரதி எடுத்து, அவற்றின் ஷா-256 என்ற அடையாள எண்ணையும் (கோப்பில் ஒரு துளி மாறினாலும் அது மாறிவிடும்) கடிகார வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். பின்னால் யாராவது வெட்டி ஒட்டியது என்று சொன்னால் அந்த எண் பதில் சொல்லும். சித்தப்பா அதைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வராது, கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம்.

வேண்டியது இப்போதைக்கு ஒரு பெரிய வன்தட்டு, ஒரு பட்டன் பேட்டரி, வாசலுக்கு நேராகத் தாழ்த்தி மாட்ட ஒரே ஒரு கேமரா. கடிகாரத்தை இனி இணைய நேரத்தோடு இணைத்து வைக்கப் போகிறோம். விலைப்பட்டியல் வந்ததும் கிழக்கு வீட்டு அண்ணன்தான் அதைச் சரிபார்த்து இங்கே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பையனின் பெயரைச் சொன்னவர்கள் அவன் வீட்டுக்கு நேரில் போய் வர வேண்டும். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை போகிறார், கூட வருகிறவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.