சைனா கிராஸ் சேர்த்தால் சாக்லேட் மூஸில் குருணை விழுமா?

செம்பூர் அடுப்படி, இரவு 9.10

மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே சாக்லேட் மூஸ் (அடித்த கிரீம் சேர்த்து நுரைபோல் மெத்தென்று செய்யும் இனிப்பு) அடுக்கு கேக் செய்ய வேண்டும், முட்டையும், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுத்து இறுக வைக்கச் சேர்க்கும் ஜெலட்டினும் வேண்டாம் என்று நேற்று முலுண்டிலிருந்து ஒரு சகோதரி இங்கே கேட்டிருந்தார். "ஓட்டல் கை" என்ற பெயரில் எழுதுபவர் அவருக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "சைனா கிராஸ் சேர்த்தால் அது மூஸ் அல்ல, குருணை விழுந்த புட்டிங், ஜெலட்டின் வாங்க மனமில்லாதவர்கள் வேறு கேக் செய்துகொள்ளலாம்." சைனா கிராஸ் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் இறுக வைக்கும் பொருள், வீடுகளில் கடற்பாசி என்றே சொல்வோம். அந்தச் சகோதரி அதன்பிறகு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு ஆண்டுகளாக என் வீட்டு அடுப்படியில் இந்தக் கேக்கைச் செய்து வருகிறேன். 18 சென்டிமீட்டர் வளையத்தில், தயிரும் சமையல் சோடாவும் சேர்த்த முட்டையில்லாத ஸ்பாஞ்சை இரண்டாக அறுத்து, சர்க்கரைப் பாகு தடவி, நடுவிலும் மேலும் மூஸ் ஊற்றுகிறேன். மூஸுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட், 150 மில்லி பால், 300 மில்லி விப்பிங் கிரீம், ஒன்றரை கிராம் சைனா கிராஸ் தூள், இவ்வளவுதான் கணக்கு. தூளைப் பாலில் போட்டு, கொதி வந்த பிறகும் இரண்டு நிமிடம் கிளறி, அந்தச் சூட்டுடனேயே பொடித்த சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கரைத்து, கலவை 50 டிகிரிக்கு வந்ததும் கிரீமில் மூன்றில் ஒரு பங்கை வேகமாக அடித்துச் சேர்த்து, மீதியை அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்கிறேன். ஒரு நாளும் குருணை விழுந்ததில்லை. குருணை விழுகிறது என்றால் அது கொதிக்க வைக்கத் தெரியாதவர் கையின் குற்றம், பொருளின் குற்றம் அல்ல.

ஓட்டல் கை, இரவு 9.42

அம்மா, நான் எட்டு ஆண்டுகள் ஓட்டலின் இனிப்புப் பிரிவில் நின்றவன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பாலும் சாக்லேட்டும் சேர்ந்து 350 கிராம், 50 டிகிரி. அதில் 8 டிகிரிக் குளிரில் இருக்கும் கிரீம் 100 கிராம் சேர்ந்ததும் கலவை ஏறத்தாழ 40 டிகிரிக்கு இறங்குகிறது. மீதி 200 கிராம் விழுந்ததும் 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது. சைனா கிராஸ் இறுகத் தொடங்குவதோ 40 டிகிரியை ஒட்டித்தான். அப்படியானால் நீங்கள் மடித்துக் கலந்துகொண்டிருக்கும்போதே அது இறுகுகிறது. இறுகும் பொருளைக் கரண்டியால் கிளறினால் உடையும், உடைந்தால் குருணை. 7 கிராம் ஜெலட்டினை 35 மில்லி குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இளஞ்சூட்டில் கரைத்துச் சேர்த்தால் அது ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகுதான் நிதானமாக இறுகும். இதை ஏற்பதில் உங்களுக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

செம்பூர் அடுப்படி, இரவு 10.05

கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கிறது, தம்பி. ஆனால் அளவை மறந்துவிட்டீர்கள். 650 கிராம் கலவையில் ஒன்றரை கிராம் தூள் கால் சதவீதத்துக்கும் குறைவு. கத்தியால் துண்டு போடும் பால் கடற்பாசிக்கு ஒரு லிட்டருக்கு எட்டு, பத்து கிராம் போடுகிறோம். கால் சதவீதத்தில் அது கல்லாக இறுகாது, கிரீமின் காற்றுக் குமிழிகளைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய வலையாகத்தான் நிற்கும். மேலும் மடித்துக் கலப்பதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. நீங்கள் ஓட்டலில் ஐந்து கிலோ கலவையைப் பத்து நிமிடம் கிளறிப் பழகியவர், அந்தப் பழக்கத்தை வைத்து அரைக் கிலோ செய்யும் எங்கள் வீட்டை அளக்காதீர்கள்.

மாட்டுங்கா மாமி, இரவு 10.20

இருவரும் எதற்காக இவ்வளவு சண்டை போடுகிறீர்கள்? நல்ல சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் இருக்கிறது, 34 டிகிரியை ஒட்டி உருகி, ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாகவே இறுகுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் பழைய மூஸில் சாக்லேட்டும் முட்டையும், முக்கியமாக அடித்த முட்டை வெள்ளையும்தான் உண்டு, ஜெலட்டினும் கிடையாது, சைனா கிராஸும் கிடையாது. நான் முட்டைக்குப் பதில் கிரீம் மட்டும் சேர்த்து, இறுகுவதற்கென்று எதுவும் போடாமல் செய்கிறேன். ஆனால் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. செம்பூர் அம்மா எந்தச் சாக்லேட் போடுகிறார் என்பதை அவரே சொல்லட்டும்.

செம்பூர் அடுப்படி, இரவு 10.31

மாமி, போன டிசம்பரில் பிளம் கேக் விவாதத்திலும் இப்படித்தான் என் திராட்சை ஊறலைப் பற்றி நடுவில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனீர்கள். நான் அதை மறக்கவில்லை. நான் 55 சதவீதக் கோகோ உள்ள உண்மையான சாக்லேட்தான் வாங்குகிறேன், கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு நானே நேரில் போய், உறையில் கோகோ வெண்ணெய் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். காம்பவுண்ட் போடுபவள் என்று என்னைச் சொல்வதற்கு முன் ஒரு முறை கேட்டிருக்கலாம்.

இறுகுவதற்கு எதுவும் போடாத உங்கள் மூஸ் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் சாப்பிட அருமையாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் அடுக்கு கேக் கேட்டார். இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிற்க வேண்டும், மேல் ஸ்பாஞ்சின் எடையைத் தாங்க வேண்டும், வெட்டினால் ஓரம் நேராக இருக்க வேண்டும். அதுவும் மே மாத மும்பையில்.

டோம்பிவிலி வாசி, இரவு 10.44

மே மாதம் என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன். போன ஆண்டு ஜெலட்டின் போட்ட மூஸ் கேக் ஒன்றை வீட்டில் செய்து, மாலை லோக்கல் ரயிலில் தாதருக்குக் கொண்டுபோனேன். கூட்டத்தில் நின்றபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது மேல் ஸ்பாஞ்ச் ஒரு பக்கமாகச் சரிந்து, மூஸ் அட்டையில் வழிந்திருந்தது. என் அக்கா மகன் அதைப் பார்த்து அழுதுவிட்டான். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கிறது, நம் ஊர் மே மாத மதியமோ 33, 34 டிகிரி. சைனா கிராஸ் ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. இதற்கு ஓட்டல் கை என்ன சொல்கிறார்?

ஓட்டல் கை, இரவு 11.02

சைனா கிராஸ் உருகாது, ஆனால் கிரீம் உருகும், ஐயா. மூஸின் உயிர் கிரீமுக்குள் இருக்கும் காற்று. கிரீமின் கொழுப்பு இளகினால் காற்று போய்விடும், பிறகு உங்கள் சைனா கிராஸ் வெறும் கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். லோக்கலில் ஐஸ் பை இல்லாமல் மூஸ் கேக்கைக் கொண்டுபோனது உங்கள் தவறு, அதை ஜெலட்டினின் தலையில் கட்டாதீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குருணை. அதற்கு இதுவரை யாரும் நேராக விடை சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் மடித்துவிடுவேன் என்பது விடை ஆகாது. பாதிப் பேருக்கு அந்தக் கை வேகம் இருக்காது. முதன்முறை செய்யும் முலுண்டு சகோதரிக்கு நிச்சயம் இருக்காது.

தாராவி நெல்லைக்காரன், இரவு 11.15

நோன்பு மாதம் முழுவதும் எங்கள் உம்மா கடற்பாசி காய்ச்சுகிறார்கள், ஆகவே இதில் எனக்கும் ஒரு சொல் உண்டு. செம்பூர் அக்கா சொல்வதுபோல் தூளை நேராகப் பாலில் போடுவது சரியல்ல. பாலில் அது சீராகக் கரைவதில்லை, அடியும் பிடிக்கும். கால் டம்ளர் தண்ணீரில் முதலில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கண்ணாடிபோல் தெளியும் வரை கொதிக்க வைத்து, பிறகு சூடான பாலை ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அந்த இடத்திலேயே நூல் நூலாகத் திரியும். ஓட்டல் கை அண்ணன் பார்த்த குருணை பெரும்பாலும் கரையாத கடற்பாசியாகத்தான் இருக்கும். இன்னொன்று, தூளைவிடக் கீற்றுக் கடற்பாசியில்தான் மணமும் பதமும் நன்றாக இருக்கும்.

செம்பூர் அடுப்படி, இரவு 11.33

தம்பி, குருணைக்குக் காரணம் கரையாமை என்று நான் முதல் பதிவிலேயே சொன்னதைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் கீற்று மேல் என்பதை ஏற்க மாட்டேன். கீற்றும் தூளும் எடைக்கு எடை ஒரே வலுவில் இருப்பதில்லை. ஒன்றரை கிராம் என்று நான் எழுதியது தூளுக்கு மட்டும். அந்த எடைக்குக் கீற்றைப் போட்டுவிட்டு மூஸ் நிற்கவில்லை என்று நாளைக்கு யாராவது இங்கே வந்து என்னைத்தான் குறை சொல்வார்கள்.

கை வேகம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு, ஓட்டல் கை அவர்களே. பாலில் ஒரு பங்கில் மட்டும் சைனா கிராஸைக் கொதிக்க வைத்து, அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி முழுவதும் இறுக விட்டு, அதை மிக்சியில் வழவழப்பாகும் வரை அரைத்தால் தோசை மாவுபோல் ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும். உருக்கிய சாக்லேட்டும் சூடான மீதிப் பாலும் சேர்ந்த கலவை கைச்சூட்டுக்கு இறங்கியதும் இதைச் சேர்த்துக் கிரீமுடன் கலக்கலாம். ஏற்கெனவே இறுகி அரைபட்டுவிட்டதால் கலக்கும்போது இறுகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. உங்கள் 40 டிகிரிக் கணக்கு இங்கே எங்கே நிற்கிறது?

ஓட்டல் கை, இரவு 11.50

இப்போது நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். குருணை விழாது என்றால் மிக்சியில் அரைப்பது எதற்கு? அரைத்தபின் அந்த வலை உடைந்துபோகிறது, கலவை கெட்டியாக இருக்குமே தவிர ஜெலட்டின்போல் ஒரே உடம்பாக நிற்காது. நாக்கில் வைத்தால் ஜெலட்டின் மூஸ் உடல் சூட்டில் உருகி மறையும், சைனா கிராஸ் மூஸ் உருகாது, மெல்ல வேண்டும். மெல்லும் மூஸை நான் எட்டு ஆண்டுகளில் ஒருவருக்கும் பரிமாறியதில்லை.

செம்பூர் அடுப்படி, இரவு 11.58

உங்கள் கட்சிக்கு நான் வரவில்லை. அரைக்காமலே எனக்குக் குருணை விழாது, அரைப்பது புதிதாகக் கற்றுக்கொள்பவருக்காக. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். கால் சதவீத சைனா கிராஸை யாரும் மெல்வதில்லை. நாக்கில் முதலில் உருகுவது கோகோ வெண்ணெய், அடுத்துக் கிரீம், அந்த வலை இருப்பதே தெரியாது. என் மாமனாருக்கு 81 வயது, பல் ஒன்றுகூட இல்லை, இந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிடுகிறார்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருந்தேன், சொல்லிவிடுகிறேன். மாட்டின் எலும்பிலும் தோலிலும் பன்றித் தோலிலும் இருந்து எடுக்கும் பொருளை வேண்டாம் என்று ஒருவர் கேட்கும்போது, வேறு கேக் செய்துகொள் என்று விரட்டுவது எனக்குப் பெரிய வருத்தத்தைத் தந்தது. எங்கள் வீட்டில் ஜெலட்டின் நுழையாது, நெல்லைக்காரத் தம்பி வீட்டிலும் எந்த விலங்கின் எலும்பு என்று தெரியாமல் வாங்க மாட்டார்கள். இந்த ஊரில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான். அவர்கள் பிள்ளைகளுக்கும் அடுக்கு கேக் வேண்டும்.

தாராவி நெல்லைக்காரன், இரவு 12.07

ஆமாம், ஹலால் முத்திரை பார்க்காமல் வாங்க மாட்டோம். ஆனாலும் கீற்றுதான் மேல், அக்கா.

மாட்டுங்கா மாமி, காலை 6.40

இரவெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் காம்பவுண்ட் என்று யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை, சொல்லட்டும் என்றுதான் எழுதினேன். திராட்சை விஷயத்திலும் நான் சொன்னதில் மாற்றமில்லை, ஒரு வாரம் ஊறியது ஊறல் ஆகாது. கிரீமைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் எழும்பாது, 30 சதவீதத்துக்குக் குறையாத விப்பிங் கிரீம் வேண்டும். அந்தப் பெண் ஃப்ரெஷ் கிரீமை வாங்கி வைத்திருந்தால் உங்கள் சைனா கிராஸும் ஜெலட்டினும் சேர்ந்தாலும் மூஸ் வராது.

செம்பூர் அடுப்படி, காலை 7.15

மாமி, விப்பிங் கிரீம் என்று என் முதல் பதிவில் தெளிவாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டு எழுதுங்கள். திராட்சைக்கு நான் தனியாக விடை தருவேன். முலுண்டு சகோதரிக்கு: நேற்று எழுதிய அளவிலேயே செய்யுங்கள். முந்தின இரவே ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், வளையத்தின் உள்பக்கம் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் ஓரம் கிழியாமல் வரும், வெட்டும் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். குருணை விழாது.

ஓட்டல் கை, காலை 7.21

விழும். அவர் செய்துவிட்டுப் படம் போடட்டும், வெட்டிய பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்த படம்.

செம்பூர் அடுப்படி, காலை 7.24

படத்தில் குருணை தெரியாது, நாக்கில்தான் தெரியும் என்று போன மாதம் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) விவாதத்தில் நீங்களேதான் எழுதினீர்கள். அந்தப் பதிவைத் தேடி எடுத்து இங்கே ஒட்டுகிறேன், போய்விடாதீர்கள்.