2 மணிக்கொரு முறை திருப்பியும் வால் எலும்பு மேல் சிவப்பு: எங்கே தவறுகிறது?

கேள்வி (வார்டு_உதவி):
பக்கவாதத்தில் இடது கை, கால் செயலிழந்த நோயாளி. எடை 70 கிலோ இருக்கும். மூக்குக்குழாய் வழியாக உணவு, சிறுநீர்க் குழாயும் இருக்கிறது. மல்லாக்க, வலப்பக்கம், இடப்பக்கம் என்று 2 மணிக்கொரு முறை மாற்றுகிறோம். காற்று மெத்தையும் போட்டாயிற்று. இருந்தும் வால் எலும்பு மேல் 3 செ.மீ. அளவில் சிவப்பு, இடது குதிகாலிலும் லேசாகத் தெரிகிறது. படுக்கைப்புண் தொடங்கிவிட்டதா? எண்ணெய் போட்டுத் தேய்த்து ரத்த ஓட்டம் வரவைக்கலாமா?

பதில் (செவிலியர்_பயிற்சி):
தேய்க்கவே கூடாது. அந்த இடத்தில் தோலுக்கு அடியிலுள்ள சதையும் நுண்குழாய்களும் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். தேய்த்தால் சேதம் கூடும்.

முதலில் சிவப்பை விரலால் 3 நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. தோல் கிழியவில்லை என்று அலட்சியம் வேண்டாம், உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி, அளவையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். கருநிறத் தோலில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். சுற்றுப்புறத்தைவிடச் சூடாக அல்லது குளிர்ச்சியாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். ஊதா நிறமாக இருந்தால் ஆழத்தில் சதை கெட்டிருக்கலாம், அதைத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் சுழற்சி. மல்லாக்கப் படுக்கும் ஒவ்வொரு முறையும் எடை அதே வால் எலும்பில்தானே இறங்குகிறது? சிவப்பு மறையும்வரை அந்த முறையை எடுத்துவிட்டு வலம், இடம் என்று மட்டும் மாற்றுங்கள். பக்கவாட்டிலும் 90 டிகிரியில் நேராகச் சரித்து வைத்தால் இடுப்பின் பக்க எலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். வைத்து முடித்ததும் உங்கள் உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைய வேண்டும். இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. ஆள் திரும்பியிருப்பார், எடை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

குதிகாலுக்குத் தலையணையை நீளவாக்கில் முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வையுங்கள். குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய கையுறை, வளைய மெத்தை இரண்டுமே வேண்டாம். வளையம் தன் விளிம்பில் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

பதில் (இரவுப்பணி):
மேலே சொன்னதோடு, கட்டிலின் தலைப்பக்கம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது? மூக்குக்குழாய் உணவு என்றால் 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருப்பீர்கள், புரையேறாமல் இருக்க அது அவசியம். ஆனால் உயர்த்த உயர்த்த உடம்பு கீழே சறுக்கும். தோல் படுக்கையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் நகரும். அந்த இழுப்பில்தான் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் பொதுவான இடம் 30 டிகிரி. செவிலியர் வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. எதுவானாலும் முழங்கால் பகுதியை முதலில் உயர்த்திவிட்டுத் தலைப்பக்கத்தை ஏற்றுங்கள், சறுக்கல் பெருமளவு குறையும்.

சறுக்கியவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பது நிறைய இடங்களில் நடக்கும் தவறு. செயலிழந்த தோள் மூட்டு அதிலேயே நழுவிவிடும். தோளிலிருந்து தொடையின் நடுப்பகுதிவரை மடித்த விரிப்பைப் போட்டு, இருபுறமும் ஒவ்வொருவர் நின்று, விரிப்பை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். அதற்கு முன்பு உணவு ஓட்டம் நிறுத்தப்பட்டதா என்று செவிலியரிடம் உறுதி செய்துகொண்டு, கட்டிலைச் சமப்படுத்தி, சக்கரத்தைப் பூட்டி, உயரத்தை உங்கள் இடுப்பு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வியாளர்:
அமுக்கினால் வெளுக்கிறது. நிம்மதி. இரவில் சில நேரம் நான் மட்டும்தான் இருப்பேன். தனியாகத் திருப்பலாமா?

பதில் (இரவுப்பணி):
மேலே நகர்த்துவதைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கவாட்டில் திருப்பலாம், வரிசை முக்கியம். வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் முதலில் இடப்பக்கம் நின்று, தோள், இடுப்பு, கால் என்று மூன்று பகுதியாக உங்கள் பக்கம் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் திரும்பியதும் ஆள் ஓரத்துக்கு வந்துவிடுவார். இடப்பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு வலப்பக்கம் வாருங்கள். இடது கையை மார்பின் மேல் மெதுவாக வைத்து, இடது முழங்காலை மடக்கி, அந்தத் தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். உங்களுக்கு எதிர்ப்புறமாக ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். திரும்பியபின் இடது கைக்கு அடியில் தலையணை வேண்டும்.

இடப்பக்கம் படுக்க வைக்கும்போது அந்தத் தோளை உடம்புக்கு அடியில் அமுக்கிவிடாமல், தோள்பட்டையை மெல்ல முன்னால் கொண்டுவாருங்கள். அங்கே உணர்வு குறைந்திருந்தால் வலித்தாலும் அவர் சொல்லமாட்டார், அதனால் அந்தப் பக்கம் நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.

சிறுநீர்க் குழாய் தொடைக்கு மேலேயே வரட்டும், அடியில் சிக்கினால் அதுவே ஒரு புண்ணை உண்டாக்கும். திருப்பும் முன்பே பையை அவர் பார்க்கப்போகும் பக்கத்துக்கு மாற்றுங்கள். பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போகவும் கூடாது, தரையைத் தொடவும் கூடாது. மூக்குக்குழாய் அமுக்கும் மூக்கு நுனியையும் தினமும் பாருங்கள்.

பதில் (செவிலியர்_பயிற்சி):
காற்று மெத்தை பற்றி விட்டுப்போயிற்று. மெத்தை இருந்தாலும் திருப்பியே ஆகவேண்டும். பிட்டத்துக்கு நேராக மெத்தையின் அடியில் கையை நுழைத்து, விரலுக்கும் உடம்புக்கும் இடையில் 2.5 செ.மீ. தடிமன் காற்று இருக்கிறதா என்று சோதியுங்கள். கையில் எலும்பு தட்டினால் மெத்தை வேலை செய்யவில்லை. அதன்மேல் இரண்டு விரிப்பு, பிளாஸ்டிக் ஷீட், டயப்பர் என்று அடுக்கினாலும் பயன் போய்விடும். ஒரே விரிப்பு, சுருக்கமில்லாமல். மலம் கழித்தால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகித் தோலை உரசும்.