பழங்குடிகளின் வேட்டையால்தான் காடு காலியாகிறதா? வால்பாறை பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஆழியாத்துப்பையன் கேட்டது:

வணக்கம். பொள்ளாச்சியில வனக்காப்பாளர் தேர்வுக்குப் படிச்சுட்டு இருக்கேன். போன வாரம் கோச்சிங்ல ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தாங்க: "மழைக்காடுகளைக் காக்கப் பழங்குடிகளை வெளியேற்ற வேண்டுமா?" பாதிப் பேர் ஆமான்னு எழுதினாங்க. காரணம் கேட்டா எல்லாரும் சொன்னது வேட்டை. இங்க மலையில இருக்கற காடர் பழங்குடிகள் மரப்பொந்துல இருந்து இருவாச்சிக் (பெரிய அலகு உள்ள காட்டுப் பறவை) குஞ்சை எடுத்துச் சாப்பிடுவாங்கன்னு சாரும் சொன்னார்.

நான் வேண்டாம்னு எழுதிட்டு வந்தேன். ஆனா ஏன்னு கேட்டா ஒரு வரி சொல்லத் தெரியலை. பத்துக்கு மூணு மார்க்.

நிஜமாவே எடுத்தாங்களா? எடுத்ததால காடு என்ன ஆச்சு? மேல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க. பாடப்புத்தகத்துல இருக்கறது வேண்டாம், அது எனக்கு மனப்பாடம்.

காந்திபுரம்_நாலாவது_வீதி:

இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? 1972 வனவிலங்குச் சட்டம் எல்லாருக்கும் பொது. யார் பிடிச்சாலும் குத்தம்தான்.

லயன்வீட்டுக்காரன்:

தம்பி, உங்க சார் சொன்னது பொய் இல்லை. எடுத்தாங்க. ஆனா அவர் கதையைப் பாதியில நிறுத்திட்டார். மீதியை நான் சொல்றேன், ஏன்னா அந்த மீதியில எங்க வீடும் வருது.

நான் பிறந்தது வால்பாறையில ஒரு தேயிலை எஸ்டேட் லயன்ல, அதாவது தொழிலாளிங்களுக்குக் கட்டின வரிசை வீட்டுல. சின்ன வயசுல எனக்கு மூச்சு இளைப்பு. மழை பிடிச்சா மாசக்கணக்குல விடாது, ராத்திரி அம்மா மடியில உட்கார்ந்தபடியேதான் தூக்கம். 1978 இல்லைன்னா 79 இருக்கும். கருமந்தி (கருப்புக் குரங்கு) ரத்தம் குடிச்சா இளைப்பு நிக்கும்னு யாரோ சொல்ல, காட்டுல இருந்து தேனும் குங்கிலியமும் (மரப்பிசின்) கொண்டு வர்ற காடர் ஒருத்தர்கிட்ட எங்கப்பா சொல்லி வச்சார். பத்து நாள்ல ஒரு பாட்டில் வந்துச்சு. அதுக்கு எங்கப்பா கொடுத்தது ரெண்டு படி அரிசி, கொஞ்சம் டீத்தூள், எஸ்டேட்ல கொடுத்த கம்பளி ஒண்ணு. மூக்கைப் பிடிச்சு ஊத்தினாங்க. இளைப்பு நிக்கலை. வளர வளரத் தானா குறைஞ்சது.

அதே ஆள் இருவாச்சிக் குஞ்சும் கொண்டு வந்திருக்கார். அந்தக் கொழுப்பு மூட்டுவலிக்கு நல்லதுன்னு பக்கத்து லயன்ல ஒரு பாட்டி கேட்டிருந்தாங்க. அவர் தன் வீட்டுக்குன்னு எடுத்தா வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. எங்களுக்குன்னு எடுக்க ஆரம்பிச்சா அதுக்குக் கணக்கு ஏது? வால்பாறையில எத்தனை எஸ்டேட், ஒவ்வொண்ணுலயும் எத்தனை லயன்! பிடிச்சவர் பேர் கெட்டுச்சு. சொல்லி வச்ச எங்கப்பா பேர் எந்த ரிப்போர்ட்லயும் இல்லை. கருமந்தி அப்பவே 1972 சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்ல இருந்த பிராணி. எங்க லயன்ல அது யாருக்கும் தெரியாது.

இருவாச்சி விஷயம் தனியாச் சொல்லணும். பெட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலைத் தன் எச்சத்தாலயே பூசி அடைச்சுக்கும். அலகு நுழையற அளவு கீறல் மட்டும் விடும். மூணு நாலு மாசம் ஆண்தான் பழம் கொண்டு வந்து ஊட்டணும். பெரும்பாலும் ஒரே குஞ்சு. அதை எடுத்துட்டா அந்த ஜோடிக்கு அந்த வருஷம் போச்சு. ஆணைச் சுட்டுட்டா உள்ள இருக்கறதும் பட்டினியில போயிடும். அதனால "சின்ன விஷயம்"னு நான் சொல்ல வரலை.

ஆனா இந்தப் பறவையால தானா பொந்து குடைய முடியாது. கிழட்டு மரம், தண்டு பெருத்து உள்ள உளுத்த மரம்தான் வேணும். குஞ்சு போனா அடுத்த வருஷமாவது வரும். மரம் போனா? வால்பாறை மேடு சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-கள்ல காப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும்னு அங்க காட்டை அழிச்சது காடர் இல்லை. அந்தப் பக்கம் பரம்பிக்குளத்துல இருந்து சாலக்குடிக்கு 1907-ல டிராம் வண்டிப் பாதை போட்டு, 1963 வரைக்கும் மரம் இறக்கினாங்க. அதுக்கப்புறம் அணைகள். துரைங்க வரையாடு சுட்டா அதுக்குப் பேர் விளையாட்டு. நீலகிரியில அதுக்குன்னே 1879-ல தனிச் சட்டம் போட்டு வச்சாங்க.

சரி, இதால காட்டுக்கு என்ன ஆகும்னு கேட்டீங்க. குங்கிலிய மரத்துப் பழமும் காட்டு ஜாதிக்காயும் குருவி விழுங்கற சைஸ் இல்லை. இருவாச்சி மாதிரி வாய் அகலமான பறவை முழுசா விழுங்கி, எங்கயோ போய்க் கொட்டையைக் கக்கணும். அது இல்லைன்னா விதை தாய்மரத்தடியிலயே கிடந்து எலிக்குப் போகும். காடர்கள் விக்கிறது அதே குங்கிலியத்தைத்தான். இதை எனக்குச் சொன்னது சயின்ஸ் வாத்தியார் இல்லை, அந்தப் பாட்டில் கொண்டு வந்தவரோட மகன். "நாங்க குஞ்செடுத்த மரத்தைச் சுத்தி புதுசா குங்கிலியம் மொளைக்கலை சார்"னார். அது எவ்வளவு தூரம் சரியோ, எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் அதைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல வாழச்சால்ல 2000-கள் நடுவுல இருந்து காடர்களே கூடு காவல் பாக்குறாங்க. எந்த மரத்துல பொந்து, எப்ப அடைச்சது, எப்பக் குஞ்சு வெளிய வந்ததுன்னு எழுதி வைக்கிறாங்க. அந்தக் கூடெல்லாம் எப்படித் தெரியும்? முன்னாடி எடுத்ததாலதான்! ஆளை வெளிய அனுப்பினா இந்த விவரமும் கூடவே போயிடும். கட்டுரையில இதை எழுதுங்க.

போமடிலா_டிரைவர்:

லயன்வீட்டுக்காரர் அண்ணே, படிக்கும்போது கண்ணு கலங்குச்சு. ஆனா ஒரு பக்கத்தை நீங்க விட்டுட்டீங்க.

நான் கிரெஃப்ல (எல்லையில ரோடு போடுற மத்திய அரசுப் படை) டிப்பர் ஓட்டினவன். அருணாச்சல்ல ஒன்பது வருஷம், அதுல பாதி பாலுக்போங் – செப்பா ரோட்டுல. அங்க எஸ்டேட்டும் இல்லை, துரையும் இல்லை, காடு ஊர்க்காரங்க கையில. இருந்தும் சில மலையில விடியக்காலையில ஒரு பறவைச் சத்தம் கேக்காது. மரம் அப்படியே நிக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. வீட்டுக்கு வீடு ஏர்கன். ரோட்டோரக் கடையில அணிலைக் கோர்த்துத் தொங்க விட்டிருப்பாங்க. (அந்த ரோட்டைப் போட்டது நாங்கதான், அதையும் சொல்லிடறேன். ரோடு வந்த பிறகுதான் கறி சந்தைக்குப் போக ஆரம்பிச்சதுன்னு ஒரு கிழவர் என்கிட்டயே சொன்னார்.)

நிஷிங்கற பழங்குடி ஆம்பளைங்க பிரம்புத் தொப்பி போடுவாங்க, உச்சியில இருவாச்சி அலகு. நான் தொட்டுப் பாத்தேன், பிளாஸ்டிக் மாதிரி இருந்துச்சு. ஃபைபர் கிளாஸ். 2000-கள் தொடக்கத்துலயே மாத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டின கிராமங்கள்ல 2011-ல இருந்து நிஷி ஆளுங்களே கூடு காவல். வெளியூர்ல, நகரத்துல இருக்கறவங்க பணம் கட்டி ஒரு கூட்டைத் தத்தெடுப்பாங்க, காவலுக்கு மாசச் சம்பளம் அதுல இருந்து. 2021-ல ஏர்கன் ஒப்படைக்கச் சொல்லி சர்க்காரே ஒரு இயக்கம் நடத்துச்சு, ஜனங்க வரிசையில வந்து கொடுத்தாங்க.

அதனால தம்பி, "பழங்குடி பண்ணா கெடுதல் வராது"ன்னு எழுதிடாதீங்க. கையில துப்பாக்கியும் வாசல்ல வியாபாரியும் வந்துட்டா யார் பண்ணாலும் காடு காலிதான்.

லயன்வீட்டுக்காரன்:

ஒத்துக்கறேன் டிரைவர் சார். எங்க ஊர்ல காடர்கிட்ட துப்பாக்கி கிடையாது, அதனால எனக்கு அந்தப் பக்கம் தோணலை.

ஆழியாத்துப்பையன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு பழங்குடிகள் வேட்டையாடலாம்னு கிளாஸ்ல ஒருத்தன் அடிச்சுச் சொல்றான். சரியா?

லயன்வீட்டுக்காரன்:

தப்பு. மூணாவது பிரிவைப் படிக்கச் சொல்லுங்க. தேன், குங்கிலியம் மாதிரி சிறு வனப்பொருள் மேல உரிமை உண்டு, சமூகமாச் சேர்ந்து காட்டைக் காக்கற உரிமையும் உண்டு. பரம்பரையா அனுபவிச்ச மத்த உரிமைகளையும் கொடுத்துட்டு, வேட்டையும் கண்ணி வைக்கிறதும் நீங்கலாகன்னு எழுதியிருக்கு. வாழச்சால் காடர்களுக்கு 2014-ல சமூக வன உரிமை கிடைச்சது அந்தச் சட்டத்துலதான். காந்திபுரத்துக்காரருக்கும் ஒண்ணு: 1972 சட்டமும் எல்லாருக்கும் பொது இல்லை. 65-வது பிரிவுல நிக்கோபார் பழங்குடிகளோட வேட்டை உரிமையில கை வைக்கலை.

வெளியேத்தறதைப் பத்திக் கேட்டிருந்தாங்க இல்லையா? 2019 மழையில கல்லார் குடியில மண் சரிஞ்சப்ப, காடர்களைக் கொண்டு வந்து எஸ்டேட் லயன்ல வச்சாங்க. நான் வளர்ந்த மாதிரி லயன்தான். அவங்களுக்கு அங்க இருப்புக் கொள்ளலை. காட்டுக்குள்ளயே தெப்பக்குளமேட்டுல இடம் கேட்டுப் போராடி, 2021-லதான் கிடைச்சது.

ஆழியாத்துப்பையன்:

குறிச்சுக்கிட்டேன். லீவுல மேல வந்தா ஒரு கூடு காட்டுவீங்களா? பிப்ரவரியில வரலாம்னு இருக்கேன்.

லயன்வீட்டுக்காரன்:

பிப்ரவரியில வாங்க, டீ குடிப்போம். கூட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போக மாட்டேன். அடியில ஆள் நின்னா ஆண் பழத்தோட எதிர் மரத்துலயே உட்கார்ந்திருக்கும், கிட்ட வராது. உள்ள இருக்கறதுக்கு அன்னிக்குச் சாப்பாடு லேட்டு. எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு அத்தி மரம் இருக்கு. பழுத்திருந்தா இருவாச்சி அங்கயே வரும், ரயில் வர்ற மாதிரி இறக்கைச் சத்தம் கேக்கும். திண்ணையில உட்கார்ந்தே பாக்கலாம்.