ஓம்னிக்கு வீட்லயே கேஸ் கிட் மாட்டலாமா? தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க

காட்பாடி_கதிர்:
வணக்கம் மக்களே. வண்டி 2008 மாருதி ஓம்னி வேன், எம்பிஎஃப்ஐ, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வெச்சுப் பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜின். பதினஞ்சு வருஷம் முடிஞ்சு 2023ல எஃப்சி காட்டி 2028 வரைக்கும் ஆர்சி புதுப்பிச்சாச்சு. வீட்ல இட்லி மாவு பாக்கெட் போடுறாங்க. காலைல காட்பாடில கிளம்பி ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடுனு கடை கடையா இறக்கிட்டுத் திரும்பினா அறுபது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாலுதான் குடுக்குது. மாவுல வர்ற காசு பெட்ரோலுக்கே போவுது. அதான் எல்பிஜி கேஸுக்கு மாத்தலாம்னு பாக்கறேன்.

நான் சிப்காட்ல லேத் ஓட்டுறவன், கை வேலைக்குப் பயமில்ல. உடைக்கிற இடத்துல ஒரு பழைய வேன்லருந்து டேங்க், திரவ கேஸைச் சுடுதண்ணி சூட்டுல ஆவியாக்கற வேப்பரைசர், கரண்ட்ல திறந்து மூடற ரெண்டு சொலினாய்டு வால்வு, கேஸையும் காத்தையும் கலக்கற மிக்சர், பெட்ரோல்-கேஸ் மாத்தற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எல்லாம் சேத்து ஒம்பதாயிரத்துக்கு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மாட்டப் போறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். வேப்பரைசருக்கு சுடுதண்ணி லைன் எங்கருந்து எடுக்கறது? என் வண்டில ஹீட்டர் கிடையாது.

ஆற்காடு_பட்டறை:
சுடுதண்ணி அப்புறம் பாத்துக்கலாம் சார். டேங்க் மேல ஒரு தகடு இருக்கும். அதுல என்ன பொறிச்சிருக்குன்னு படிச்சு இங்க போடுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

பாய்லர்_தாத்தா:
வந்துட்டாருப்பா பட்டறைக்காரரு. வீட்ல மாட்டினா இவருக்குக் கூலி போயிடுமே!

தம்பி கதிரு, நான் முப்பது வருஷம் பாய்லர் டியூப் வெல்டிங் பண்ணவன். உன் டேங்க்ல இருக்கப் போறது எட்டு, பத்து கிலோ பிரஷர். லாரி டயர்லயே எட்டு கிலோ காத்து அடிக்கிறான். இதுக்கா இத்தினி பயம்? சிஎன்ஜின்னா 200 கிலோ, அது வேற கதை.

ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வை. செம்புக் குழாயை ஒரு முனையிலருந்து மறுமுனைக்கு நேரா இழுத்துக் கட்டாத. வேப்பரைசர் கிட்ட ரெண்டு சுத்து சுருளா விடு. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, நடுவுல மாட்டின செம்பு ஆடி ஆடிக் கெட்டிப்பட்டு ஒரு நாள் மயிரிழை விரிசல் விடும். சுருள் இருந்தா அந்த ஆட்டத்தை அது வாங்கிக்கும். அடுத்தது, நட்டை முடுக்கும்போது குழாயைக் கடிச்சுப் பிடிக்கற வளையம் இருக்கே, ஃபெரூல், ஒரு தடவ கடிச்சதை மறுபடி போடாத. உடைச்ச வண்டில வந்த பழைய நட்டு, ஃபெரூல் எல்லாத்தையும் தூக்கிப் போடு. புதுசு வாங்கு, என்னா பெரிய காசு. முடுக்கின பிறகு சோப்புத் தண்ணி. நெருப்புக்குச்சி கொளுத்திப் பாக்கறவன் எவனாச்சும் பக்கத்துல இருந்தா விரட்டு.

ஆற்காடு_பட்டறை:
ஐயா சொன்ன குழாய் விஷயம் நூத்துக்கு நூறு சரி. இருபத்திரண்டு வருஷமா நானும் அதைத்தான் பசங்களுக்குச் சொல்றேன். ஆனா ஐயா, பிரச்சினை குழாய்ல இல்ல.

கேஸ் டேங்க்னா வெறும் இரும்பு உருளை இல்ல. அதுல மல்டிவால்வு இருக்கு. எண்பது சதவீதம் ரொம்பினதும் ஒரு மிதவை போய் அடைக்கும், அதுக்கு மேல ஏறாது. எதுக்கு அந்த இருபது விடணும்? திரவ கேஸ் சூட்டுல தண்ணியை விடப் பல மடங்கு விரியும். விரியறதுக்கு மேல ஆவிக்கு இடம் வேணும். இடமில்லாம முழுசா ரொம்பின டேங்க்ல ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் பிரஷர் தாவும். நம்ம ஊரு வெயில் எப்படின்னு வெளியூர்க்காரனுக்கு வேணா சொல்லணும். அக்னி நட்சத்திரத்துல மூடி நிறுத்தின ஓம்னிக்குள்ள கை வச்சுப் பாருங்க. மிதவை மாட்டிக்கிட்ட பழைய மல்டிவால்வு, மே மாசம், மூடின வண்டி. அவ்ளோதான் சொல்றேன்.

அதுலயே குழாய் அறுந்தா தானா அடைக்கிற வால்வு, பிரஷர் மீறினா வெளிய விடற வால்வு எல்லாம் இருக்கு. அது எதுவுமே வேலை செய்யுதான்னு கண்ணால பாத்துத் தெரியாது. அதனாலதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ டேங்க்ல தண்ணி ஏத்தி டெஸ்ட் பண்ணித் தேதி அடிக்கணும்னு வச்சிருக்கான். தகடு படிச்சீங்களா கதிர் சார்?

குடியாத்தம்காரன்:
இன்னாபா நீங்க டேங்கு, தகடுன்னு. எங்க மாமனாரு எட்டு வருஷம் வூட்டு சிலிண்டர்லயே ஓட்டுனாரு. பின்சீட்டுக்கு அடியில படுக்க வெச்சா போதும். ஸ்கூல் புள்ளைங்கள ஏத்திக்கினு போவாரு, ஒண்ணும் ஆவல. பங்க்ல போட்டா ரசீது, வரி. இதுல அப்ப மானிய கேஸ். கணக்குப் போட்டுக்க.

ஆற்காடு_பட்டறை:
ஸ்கூல் பிள்ளைங்களை சிலிண்டர் மேல உக்கார வெச்சு எட்டு வருஷம்! இதைப் பெருமையா வேற சொல்றாரு.

படுக்க வெச்சாங்கன்னு சொன்னீங்களே, ஏன் படுக்க வெக்கணும்? நிக்க வெச்சா மேல ஆவிதான் வரும். அடுப்புக்கு அது தாராளம். வண்டி ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு, மூணு கிலோ கேக்கும். அத்தனை வேகமா ஆவி எடுத்தா சிலிண்டர் ஜில்லுன்னு வேர்த்து, பனி பிடிச்சு, வரத்து நின்னு போகும். அதனால படுக்கப் போட்டுத் திரவமா இழுக்கறாங்க. சமையல் சிலிண்டர் வால்வு அதுக்குப் பண்ணினதே இல்ல. வண்டி குலுங்கற குலுக்கலுக்கும் பண்ணினதில்ல. கசிஞ்சா? எல்பிஜி காத்தை விட ஒன்றரை, ரெண்டு மடங்கு கனம். மேல போகாது, தரையில தண்ணி மாதிரி தேங்கும். ஓம்னில இன்ஜின் எங்க இருக்கு? முன்சீட்டுக்கு அடியில. பின்னாடி தேங்கினது உருண்டு வந்து அங்கதான் சேரும்.

நியாயமா மாட்டின டேங்க்ல வால்வைச் சுத்தி ஒரு மூடின டப்பா, அதுலருந்து தரை வழியா வெளிய ரெண்டு ஹோஸ் இருக்கும். கசிஞ்சாலும் ரோட்டுக்குப் போகட்டும்னுதான்.

சத்துவாச்சாரி_சர்வேயர்:
காப்பீட்டு இழப்பு மதிப்பீடு என் தொழில், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சமையல் எரிவாயுவை வண்டிக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். எல்பிஜியை வாகன எரிபொருளாக அனுமதித்ததே 2000ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில்தான். 2001இல் அதற்கென்று தனி ஆணை வந்தது. அங்கீகாரம் பெற்ற கிட்டை, அதைப் பொருத்த உரிமம் உள்ளவர் பொருத்த வேண்டும், ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஏற வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. அப்படிச் செய்யாமல் மாற்றியமைத்தால் 2019 திருத்தப்படி 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

ஒரு சம்பவம். நெடுஞ்சாலை ஓரம் எரிந்து நின்ற ஒரு வேனைப் பார்க்கப் போனேன். தீ பிடித்தது டேஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்டீரியோவுக்கு எவரோ இழுத்த ஒயரில். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சிலிண்டர் பின்னால் முழுசாக இருந்தது. ஆனால் ஆர்சியில் பெட்ரோல் என்று மட்டும் இருந்தது. பாலிசியிலும் அப்படியே. என் அறிக்கையில் கண்ணால் கண்ட சிலிண்டரை எழுதாமல் விட முடியுமா? பணம் வரவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. முறையாகச் சேர்த்திருந்தால் கிட் விலையில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பிரிவுக்கு 60 ரூபாயும்தான் கூடுதல் பிரீமியம்.

பாய்லர்_தாத்தா:
சட்டம் பேசறது சுலபம் சார். மாவு வித்துப் பொழைக்கறவன் முப்பதாயிரம், நாப்பதாயிரம் குடுத்து இத்தாலி கிட்டு மாட்டணும்னா எங்க போவான்? உரிமம் வெச்சிருக்கற கடைலயும் வேலை செய்யறது பதினெட்டு வயசுப் பையன்தான். அவன் முடுக்கற நட்டை விட இந்த லேத்துக்காரன் முடுக்கற நட்டு நல்லா இருக்கும். அதுக்கு என்ன சொல்றீங்க?

ஆற்காடு_பட்டறை:
ஒத்துக்கறேன் ஐயா. பையன் முடுக்கறான், நான் பாக்கறேன், கையெழுத்து என்னுது. நாளைக்கு ஏதாச்சும் ஆனா போலீஸ் வர்றது என் பட்டறைக்கு. கதிர் சார் வீட்ல மாட்டினா யார் பேருக்கு வரும்?

ஆம்பூர்_பாய்:
எல்லாரும் டேங்க்லயே நிக்கறீங்க, கணக்கை யாரும் பாக்கல. நான் ஷூ கம்பெனிகளுக்குச் சோல் கொண்டு போடறவன், ஆறு வருஷம் முறைப்படி எல்பிஜி வண்டி ஓட்டினேன். ஒரு லிட்டர் கேஸ்ல பெட்ரோல்ல இருக்கற சூட்டுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான். பதினாலு குடுத்த வண்டி பதினொண்ணு குடுக்கும். அதனால கேஸ் விலை பெட்ரோல்ல எண்பது சதவீதத்தைத் தொட்டா லாபம் பூஜ்யம்.

பெட்ரோல் நூறு, கேஸ் அறுபத்தஞ்சுன்னு வெச்சுக்குவோம். அறுபது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 430 ரூபா, கேஸ் 355. தினம் 75 மிச்சம். மாசம் இருபத்தஞ்சு நாள் ஓடினா 1,875. முறையா மாட்ட முப்பதாயிரம்னா போட்ட காசு எடுக்கவே பதினாறு மாசம். இதுல காலைல ஸ்டார்ட் பண்றது பெட்ரோல்ல, சூடேறினப்புறம்தான் கேஸுக்கு மாத்தணும். அந்தப் பெட்ரோலை நான் சேக்கல. பங்க் வேற போற வழில இருக்கணும். கேஸ் போட்ட பங்க் சிலது இப்ப கேஸ் மூடிடுச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பத்து கிலோமீட்டர் சுத்தினா அந்த எழுபத்தஞ்சும் தேயும்.

நான் வித்துட்டு சிஎன்ஜிக்குப் போயிட்டேன். பாய்லர் தாத்தா அந்த 200 கிலோன்னு முறைப்பாரு, பரவால்ல.

காட்பாடி_கதிர்:
பாய், நான் போட்டது ஒம்பதாயிரம். உங்க கணக்குப்படியே அஞ்சு மாசத்துல எடுத்துடுவேன். அதனாலதான் வாங்கினேன்.

பட்டறை அண்ணா, தகடு தகடுன்னு கேட்டுட்டே இருக்கீங்க. நேத்து பாத்தேன், மேல கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கு, எழுத்து தெரியல. அது போகட்டும், மிக்சர் மாட்டினா பேக்ஃபயர் ஆகும்னு பக்கத்து ஷெட்ல பயமுறுத்தறாங்க. நிஜமா?

ஆற்காடு_பட்டறை:
நிஜம்தான். மிக்சர் பழைய கார்ப்ரேட்டர் வண்டிக்கு ஆனது. உங்களுது எம்பிஎஃப்ஐ. மிக்சர் போட்டா இன்டேக் முழுக்க கேஸ் கலந்த காத்து நிக்கும். பிளக் தேஞ்சோ ஒயர் கசிஞ்சோ ஒரு மிஸ்ஃபயர் ஆனா அந்தக் கலவை அங்கேயே பத்தி ஏர் ஃபில்டர் மூடி பறக்கும். மறந்துடாதீங்க, அது உங்க சீட்டுக்கு அடியில. எம்பிஎஃப்ஐக்கு சீக்வென்ஷியல் கிட்தான் பொருத்தம். இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர், வால்வு வாசல்லயே அளந்து விடும். கேஸ்ல ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்தி வைக்க எமுலேட்டர் வேணும். அந்த ஒம்பதாயிரத்துல எமுலேட்டர் இருந்துச்சா?

பெயின்ட்டை எமரி பேப்பர் போட்டுத் தேயுங்க. இன்னிக்கே.

குடியாத்தம்காரன்:
வண்டி வாங்கினவன் ஒருத்தன், பயப்படறவன் இன்னொருத்தன்.

காட்பாடி_கதிர்:
தேச்சேன். இப்ப தெரியுது. கொள்ளளவு, சுவர்த் தடிமன் எல்லாம் இருக்கு. கடைசி டெஸ்ட் 03/2012. சீரியல் நம்பர் இருக்கற இடத்துல மட்டும் கோடு கோடா இருக்கு. கிரைண்டர் ஓட்டின மாதிரி. லேத்துக்காரன் கண்ணுக்கு அது தெரியாதா? டிஸ்க் நுழைஞ்ச வளைவு அப்படியே இருக்கு. எமுலேட்டரும் இல்ல.

பாய்லர்_தாத்தா:
கிரைண்டரா?

தம்பி, அந்த டேங்கைத் தொடாத. பிரஷர் பாத்திரத்துல அடிச்ச நம்பரைத் தேய்க்கிறவன் எதையோ மறைக்கறான். திருட்டா இருக்கும், இல்ல டெஸ்ட்ல தோத்ததா இருக்கும். தேச்ச இடத்துல சுவரும் மெலிஞ்சிருக்கலாம், தகட்டுல போட்ட தடிமனை இனி நம்ப முடியாது. எங்க ஷாப்ல இப்படிப் பண்ணினவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

வீட்ல மாட்டக் கூடாதுன்னு நான் இன்னும் சொல்லல, பட்டறைக்காரரே. இந்த டேங்கைச் சொல்றேன்.

இன்னொண்ணு. காயலான் கடைக்குத் தூக்கிட்டு ஓடாத. அவன் கேஸ் கட்டர் வெச்சு அறுப்பான். காலி டேங்க்னு நீ நெனைப்ப, உள்ள ஆவி இருந்தாப் போதும். ரொம்பின டேங்கை விட அதுதான் ஆளைக் கொல்லும்.

ஆற்காடு_பட்டறை:
ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

கதிர் சார், நீங்க முதல்ல கேட்டதுக்கு பதில் பாக்கி இருக்கு. இன்ஜின் சூடேறினப்புறம் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடற வால்வுதான் தெர்மோஸ்டாட். சுடுதண்ணி லைனை அதுக்கு முன்னாடி, இன்ஜின் பக்கத்துலருந்து டி ஜாயின்ட் போட்டு எடுக்கணும். அப்பதான் தெர்மோஸ்டாட் திறக்கறதுக்கு முன்னமே சூடு வரும். திரும்பற லைன் வாட்டர் பம்ப் உறிஞ்சற பக்கம். வேப்பரைசர் ரேடியேட்டர் மேல்மட்டத்துக்குக் கீழ இருக்கணும், இல்லன்னா காத்து அடைச்சுப் பனி பிடிச்சு நடுரோட்ல நிக்கும். எந்தக் கிட் போட்டாலும் இது பொது.

காட்பாடி_கதிர்:
நன்றி அண்ணா. டேங்க் காலிதானான்னு பாக்க வாசல்ல வெச்சு வால்வை ஒரு நூல் திறந்தேன். உஸ்ஸுன்னுச்சு. உடனே மூடிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அடுப்பு கசியுதான்னு கேட்டுட்டு வந்துட்டாங்க. ரெண்டு வாரமா இதை மாவு மூட்டை பக்கத்துலதான் வெச்சிருந்தேன்.

ஆற்காட்டுக்கு எடுத்துட்டு வந்தா நீங்க முறையா காலி பண்ணித் தருவீங்களா? எத்தனை மணிக்கு வரட்டும்?

ஆற்காடு_பட்டறை:
காலைல ஆறு மணிக்குள்ள, வெயில் ஏறறதுக்கு முன்னாடி. ஓம்னில போட்டுக் கதவைச் சாத்திட்டு வராதீங்க. திறந்த குட்டியானை ஏதாவது பிடிச்சு, வால்வு மேல பாத்த மாதிரி கட்டி எடுத்துட்டு வாங்க.