அம்மாவுக்கு டகோட்சுபோ (அதிர்ச்சியால் வரும் இதயத் தசை பாதிப்பு), அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் மாமா திடீரென்று தவறிவிட்டார். சேதி வந்த அன்று மாலையே அம்மாவுக்கு (வயது 64) நெஞ்சு அடைத்தது. கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஈசிஜி மாறியிருந்தது, ட்ரோபோனினும் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருந்தது. மாரடைப்பு என்றுதான் நினைத்தோம். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. எக்கோவில் இடது கீழறையின் நுனி பலூன் மாதிரி உப்பி, சுருங்காமல் நின்றது. டகோட்சுபோ என்றார்கள். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயராம். 1990-ல் அங்குள்ள மருத்துவர்கள் வைத்தது.

அதிர்ச்சியில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஒரேயடியாகப் பாய்ந்து இதயத் தசையை மரத்துப்போகச் செய்கின்றன என்ற அளவில் புரிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஹார்மோன் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, பெரும்பாலும் நுனி மட்டும் ஏன் செயலிழக்கிறது? அங்கே அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகள் அதிகம் என்பதாலா, நுண்ணிய ரத்தக்குழாய்கள் இறுகுவதாலா? இதய மருத்துவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விளக்குங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால், எக்கோ சரியாக எத்தனை வாரம் ஆனது? திரும்ப வந்ததா? மாமா பேச்சை எடுத்தாலே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். மனசாற அழ விடுவதா, பேச்சை மாற்றுவதா என்று தெரியாமல் தவிக்கிறோம்.